இடித்து முடித்த பிறகு வாடகைக்காரரைத் தேடிய மால்: பிராட்ஃபோர்டு நகர மையம், 2003 முதல் 2025 வரை

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர மையத்தில் 'தி பிராட்வே' மால் 2015 நவம்பர் 5 அன்று திறந்தது. அதே இடத்தில் இருந்த பழைய கட்டடங்களை இடிக்கத் தொடங்கியது 2004ல். இடிப்பு முடிந்ததற்கும் கட்டுமானம் உருப்படியாகத் தொடங்கியதற்கும் நடுவில் எட்டு ஆண்டு போல இடைவெளி. அவ்வளவு காலமும், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரு மாநகராட்சிப் பகுதியின் நட்ட நடுவில், வேலி அடைத்த ஒரு பள்ளம் கிடந்தது.

நகர மைய மால் என்றாலே நன்றாக ஓடும் மால்களைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். தடுமாறிக் கடைசியில் கரையேறிய திட்டத்தில்தான் படிக்க அதிகம் இருக்கிறது என்பது என் எண்ணம். பிராட்வே கடைசியில் கட்டப்பட்டது, கூட்டமும் வந்தது. ஆனால் காத்திருப்பின் செலவை யார் சுமந்தார்கள், திறந்த பிறகு பக்கத்துத் தெரு என்ன ஆனது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இங்கே தெளிவான விடை கிடைக்கிறது. பொறுப்பில் இருந்த மாநகராட்சித் தலைவர்கள், அதிகாரிகள், நிறுவன மேலாளர்கள் பெயர்களைச் சேர்க்கவில்லை. இருபது ஆண்டில் எல்லா நாற்காலியிலும் ஆள் மாறிவிட்டது.

## பின்னணி

பிராட்ஃபோர்டு 19ஆம் நூற்றாண்டில் கம்பளித் தொழிலால் வளர்ந்த ஊர். நில அமைப்பு கிண்ணம் போன்றது. நகர மையம் கிண்ணத்தின் அடியில், சுற்றிலும் மேடு. பிராட்ஃபோர்டு பெக் என்ற ஓடை மையத்தின் அடியில் மூடிய கால்வாயாக ஓடுகிறது. கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் லீட்ஸ். ரயிலில் அரை மணிக்கும் குறைவு. துணி, நகை, பரிசுப்பொருள் என்று கொஞ்சம் பெரிய செலவுக்கு ஊர் மக்கள் லீட்ஸுக்குப் போய்விடுவது நெடுநாள் பழக்கம்.

மையத்தில் இரண்டு ரயில் நிலையங்கள். வடக்கே ஃபோர்ஸ்டர் ஸ்கொயர், தெற்கே இன்டர்சேஞ்ச். இரண்டும் முட்டுச் சந்து மாதிரி முடிந்துவிடும், ஒன்றோடொன்று இணையாது. மால் தளம் இவ்விரண்டுக்கும் நடுவில் வருகிறது. மேலே பேராலயம், கிழக்கே பழைய கம்பளி வணிகர்களின் கல் கட்டடங்கள் நிறைந்த லிட்டில் ஜெர்மனி பகுதி. நடந்து வருகிறவர்களை நம்பிக் கட்டும் மாலுக்கு இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் யாரும் குறை சொல்ல முடியாது.

அங்கே 1960களில் கட்டிய காங்கிரீட் அலுவலகக் கட்டடங்கள் நின்றன. அவையே அதற்கு முந்தைய விக்டோரிய காலக் கட்டடங்களை இடித்துவிட்டு வந்தவை. பக்கத்தில் 1973ல் கிர்க்கேட் சந்தையை இடித்து அந்த இடத்தில் ஒரு ஷாப்பிங் சென்டர் கட்டினார்கள். அந்தச் சந்தையைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் ஊரின் பிள்ளையான ஓவியர் டேவிட் ஹாக்னியும் ஒருவர். ஆக, மையத்தை இடித்துப் புதிதாக்கினால் ஊர் நிமிரும் என்ற யோசனை பிராட்ஃபோர்டுக்குப் புதிதல்ல. 2000 வாக்கில் அந்த 60களின் கட்டடங்களும் காலாவதியாகிவிட்டன, பல மாடிகள் காலி.

2003ல் கட்டடக் கலைஞர் வில் ஆல்சோப் மையத்துக்கு ஒரு பெருந்திட்டம் வரைந்து கொடுத்தார். நகர மன்றக் கட்டடத்தைச் சுற்றி நீர்ப்பரப்பு, திறந்த வெளி, வாய்க்கால் என்று தைரியமான படங்கள். கட்டடங்களைக் குறைத்து வெளியைக் கூட்டுவது அதன் அடிப்படை. அதன் பக்கத்திலேயே, வேறு கணக்கில், பெரிய மால் திட்டமும் நகர்ந்துகொண்டிருந்தது. இந்த இரண்டும் பிற்பாடு எந்தெந்த வேகத்தில் நிறைவேறின என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

## 2004 முதல் 2006 வரை: இடிப்பு

2004ல் மால் கட்டி நடத்தும் வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் திட்டத்தைக் கையில் எடுத்தது. அதே ஆண்டு இடிப்பு தொடங்கி 2006ல் தளம் காலியானது. சாலைகளைத் திருப்புவது, நிலத்தடிக் குழாய்களை மாற்றுவது போன்ற வேலைகளும் நடந்தன. இனிக் கட்ட வேண்டியதுதான் பாக்கி என்று ஊர் நினைத்தது.

கட்டும் தேதி உறுதியாகாமல் ஏன் இடிக்க வேண்டும்? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு நியாயங்கள் உண்டு. முதலாவது, காலக்கெடு. இங்கிலாந்துச் சட்டப்படி கட்டாய நிலக் கையகப்படுத்தல் ஆணை உறுதியானால் அதை மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும். திட்ட அனுமதிக்கும் ஆயுள் உண்டு. 2004ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை வழக்கமான ஐந்து ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. அதற்குள் வேலையைத் 'தொடங்கிவிட்டால்' அனுமதி உயிரோடு இருக்கும். சட்டம் அந்தத் தொடக்கத்துக்குக் கட்டடம் இடிப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. புல்டோசர் ஒரு சுவரைத் தள்ளினால் காகிதத்தில் மால் கட்டத் தொடங்கியாயிற்று.

இரண்டாவது, காலிக் கட்டடத்தைப் பராமரிப்பது தலைவலி. காவல், காப்பீடு, ஜன்னல் உடைப்பு, தீ விபத்துப் பயம் எல்லாம் உண்டு. கூடவே பிசினஸ் ரேட்ஸ் எனப்படும் வணிகச் சொத்துவரி வேறு. இடித்துத் தரைமட்டமாக்கிய நிலத்துக்கு அந்த வரி கிடையாது.

மூன்றாவது காரணம் அரசியல். இடிப்பு கண்ணுக்குத் தெரியும். 'வேலை நடக்கிறது' என்று காட்ட அதைவிட எளிய வழி இல்லை.

இந்த மூன்றில் எது எவ்வளவு கனமாக இருந்தது என்பது உள்ளே இருந்தவர்களுக்கே வெளிச்சம். ஆனால் மூன்றுமே எல்லா நகர மையத் திட்டங்களிலும் ஒரே பக்கம் இழுப்பவை. வாடகைக்காரர் உறுதியாகும்வரை பொறு என்று சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான், திட்டம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயம். 2004ல் கடை வியாபாரம் ஏறுமுகம், வங்கிக் கடன் தாராளம். அந்தப் பயம் யாருக்கும் இல்லை.

## மாலின் கணக்கு

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, மாலுக்குப் பணம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெரிய மாலில் இரண்டு வகை வாடகைக்காரர்கள். ஒரு வகை ஆங்கர் கடைகள், அதாவது பல தளங்களில் பரந்து கிடக்கும் டிபார்ட்மென்ட் ஸ்டோர். விக்டர் குரூன் வடிவமைத்து 1956ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல் மாலிலிருந்தே இந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. ஆங்கர் கடைகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் கூட்டம் நடுவில் உள்ள சின்னக் கடைகளைக் கடந்தாக வேண்டும். ஆங்கர் கடை சதுர அடிக்குக் கொடுக்கும் வாடகை மிகக் குறைவு. பல நேரம் உள்வேலைக்கு மால் உரிமையாளரே கைக்காசு கொடுத்து அழைத்து வருவார். கூட்டத்தைக் கூட்டி வருவதுதான் அவர்கள் செலுத்தும் உண்மையான வாடகை என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் பணம் வருவது சின்னக் கடைகளிடமிருந்து. அந்த வாடகையைக் கணக்கிட பிரிட்டனில் ஒரு பழைய முறை இருக்கிறது. கடை முகப்பிலிருந்து முதல் 20 அடி ஆழம் 'ஏ' பகுதி, அதற்கு முழு வாடகை. அடுத்த 20 அடிக்குப் பாதி. அதற்கடுத்த 20 அடிக்குக் கால்வாசி. இப்படிப் பின்னால் போகப் போகக் குறையும். தெருவைப் பார்த்த முகப்புக்குத்தான் விலை, பின்புறம் கிட்டத்தட்ட இனாம். ஆகவே மால் வடிவமைப்பாளர் எவ்வளவு பெரிய கட்டடம் என்று பார்ப்பதைவிட, எத்தனை அடி முகப்பு கிடைக்கும் என்றே பார்ப்பார். அந்த முகப்பின் முன்னால் கூட்டம் நடக்காவிட்டால் 'ஏ' பகுதி வாடகை என்பது வெறும் எண். கூட்டம் வர ஆங்கர் வேண்டும். ஆங்கர் கையெழுத்துப் போடாமல் சின்னக் கடைகள் வராது. பாதிக் கடைகளாவது உறுதியாகாமல் வங்கி கடன் தராது. வங்கி இல்லாமல் கட்ட முடியாது.

இன்னொன்று, கட்டி முடித்த மாலின் மதிப்பு. ஆண்டு வாடகையை, முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதத்தால் வகுத்தால் வருவது அது. ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வாடகை, எதிர்பார்ப்பு 5 சதவீதம் என்றால் மதிப்பு 20 கோடி. எதிர்பார்ப்பு 7 சதவீதமானால் மதிப்பு 14 கோடி சொச்சம். வாடகை ஒரு காசு குறையாமலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். கட்டும் செலவு மட்டும் அப்படியே நிற்கும்.

## 2007 முதல் 2009 வரை: நின்றுபோனது

2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் மக்கள் பணம் எடுக்க வரிசை கட்டினார்கள். அடுத்த செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவால். 2007 நடுவிலிருந்து 2009 நடுவுக்குள் பிரிட்டனில் வணிகக் கட்டடங்களின் மதிப்பு 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கடைக்காரர்கள் பக்கமும் அதே கதி. 800க்கு மேல் கிளைகள் வைத்திருந்த உல்வொர்த்ஸ் 2009 ஜனவரிக்குள் முழுதாக மூடியது. புதுக் கிளை திறக்கும் யோசனையையே பலர் தள்ளிப் போட்டார்கள்.

மேலே சொன்ன சங்கிலியில் ஆங்கர், சின்னக் கடை, வங்கி, மதிப்பு என்று எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்தில் அறுந்தது. போதுமான கடைகள் முன்கூட்டியே ஒப்பந்தம் போடாமல் கட்டப்போவதில்லை என்று நிறுவனம் நின்றது. நிறுவனத்தின் பக்கம் நின்று பார்த்தால் இது சரியான முடிவு. காலி மாலைத் திறப்பது காலிப் பள்ளத்தைவிட மோசம்.

ஆனால் ஊர் இன்னொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நிறுவனம் 2008 அக்டோபரில் மேற்கு லண்டனிலும், 2011 செப்டம்பரில் ஒலிம்பிக் பூங்காவை ஒட்டி ஸ்ட்ராட்ஃபோர்டிலும் பிரம்மாண்டமான மால்களைத் திறந்தது. பணம் இல்லை என்பதல்ல, தங்கள் ஊருக்கு இல்லை என்று மக்கள் எடுத்துக்கொண்டார்கள். மேற்கு லண்டன் மால் நெருக்கடிக்கு முன்பே கட்டி முடிக்கும் கட்டத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்காகக் கோபம் நியாயமற்றது ஆகிவிடாது.

மாநகராட்சியின் கையில் இருந்தது மிகக் கொஞ்சம். தொடங்கிவிட்டு முடிக்காத கட்டுமானத்துக்கு 'முடித்துக் கொடு' என்று அறிவிப்பு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. அந்த அறிவிப்பை மீறினால் என்ன தண்டனை தெரியுமா? திட்ட அனுமதி ரத்தாகும், அவ்வளவுதான். மால் வேண்டும் என்று தவிக்கும் மாநகராட்சி தானே மால் அனுமதியை ரத்து செய்வதா? ஆகவே காத்திருந்தார்கள்.

## பள்ளம் இருந்த காலம்

இந்தக் கட்டத்தை ஆய்வுகள் பெரும்பாலும் 'தாமதம்' என்ற ஒரு சொல்லில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுதான் முக்கியமான பகுதி.

தாமதத்துக்கு ஒரு அன்றாடச் செலவு உண்டு. பள்ளத்தின் சொந்தக்காரருக்கு அது சின்னச் செலவு. வேலி, காவல், தேங்கும் தண்ணீர், வட்டி. வணிகச் சொத்துவரி இல்லை. சுற்றியிருந்தவர்களுக்கு அப்படியில்லை. முன்பு அந்த அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் மதியத்தில் வாங்கியது போயிற்று. ரயில் நிலையத்திலிருந்து மையத்துக்கு வருகிறவர்கள் வேலியைச் சுற்றி வர வேண்டியிருந்தது. மால் வந்தால் இடம் மாறலாம் என்று நினைத்த கடைக்காரர் பழைய கடையில் நீண்டகாலக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட மாட்டார், பழுது பார்க்கவும் தயங்குவார். கட்டட உரிமையாளரும் அப்படியே. வராத மால், வந்த மால் செய்யும் வேலையை முன்கூட்டியே செய்துகொண்டிருந்தது.

ஊரார் வெஸ்ட்ஃபீல்டு என்ற பெயரை 'வேஸ்ட்ஃபீல்டு' என்று திரித்துக் கிண்டல் செய்தார்கள். 2010ல் தளத்தின் ஒரு பகுதியைத் தற்காலிகத் தோட்டமாக்கித் திறந்துவிட்டார்கள். புல், செடி, உட்கார இடம். செலவு குறைவு, ஆனால் வேலி ஒரு பக்கமாவது திறந்தது. 2012ல் போராட்டக்காரர்கள் தளத்துக்குள் நுழைந்து முகாம் போட்டார்கள்.

இதே காலத்தில், சில நிமிட நடையில், வேறொன்று முடிந்தது. ஆல்சோப் திட்டத்தின் நீர்ப்பரப்பு யோசனையைச் சுருக்கி, மாநகராட்சி பொதுப் பணத்தில் சிட்டி பார்க் என்ற சதுக்கத்தைக் கட்டி 2012 மார்ச்சில் திறந்தது. செலவு சுமார் 2.4 கோடி பவுண்டு. சுமார் 4,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு, நூற்றுக்கு மேல் நீரூற்றுகள். தண்ணீரின் ஆழம் சில அங்குலம்தான், குழந்தைகள் இறங்கி விளையாடலாம். நிகழ்ச்சி என்றால் தண்ணீரை வடித்துவிட்டு முழு இடத்தையும் மைதானமாக்கிக்கொள்ளலாம். இதற்கு ஆங்கர் வேண்டாம், வருவாய் விகிதம் வேண்டாம். நெருக்கடி ஆண்டுகளில் அந்த ஊர் மையத்துக்கு மக்களை வரவழைத்தது இதுதான். மாலைவிடப் பல மடங்கு சின்ன செலவில், மாலுக்கு முன்பே.

சதுக்கம் எதையும் விற்காது, வரி வருமானமும் தராது என்ற மறுப்பு சரிதான். ஆனால் வாடகைக்காரரிடம் 'இந்த ஊர் மையத்துக்கு ஆள் வருகிறார்கள்' என்று காட்ட ஒரு ஆதாரம் வேண்டுமே. வேலியைக் காட்ட முடியாது.

## 2012 முதல் 2014 வரை: மறுபடி எடுத்த முடிவுகள்

திட்டத்தை மீட்ட முடிவுகள் மூன்று. முதலில் அளவைக் குறைத்தார்கள். முதலில் அறிவித்த திட்டத்தைவிடச் சிறிதாக, 5,70,000 சதுர அடிக்குக் கொண்டுவந்தார்கள். செலவு சுமார் 26 கோடி பவுண்டு. நிறைய பேருக்கு இது ஏமாற்றம். 2013 மார்ச்சில் லீட்ஸில் ட்ரினிட்டி மால் இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அளவில் திறந்துவிட்டது, அதோடு இனிப் போட்டி போட முடியாது. ஊர்க்காரர் லீட்ஸுக்குப் போகாமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும் என்று இலக்கை மாற்றிக்கொண்டது புத்திசாலித்தனம். காலி முகப்பு இல்லாத சிறிய மால், பாதி மூடிய பெரிய மாலைவிட நல்லது.

அடுத்தது ஆங்கர். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரும் டெபனம்ஸும் ஒப்புக்கொண்டன. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கு ஊருக்குள் ஏற்கெனவே டார்லி தெருவில் பெரிய கடை இருந்தது. அதை மூடிவிட்டுத்தான் மாலுக்கு வரும். இந்த முடிவைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

மூன்றாவது, பொதுப் பணம். 2012ல் மாநகராட்சியும் அரசின் வட்டார வளர்ச்சி நிதியும் சேர்ந்து 3.5 கோடி பவுண்டில் நகர மைய வளர்ச்சி மண்டலம் ஒன்றை அறிவித்தன. மையத்தில் வேலைவாய்ப்பு உருவாக்கும் நிறுவனங்களுக்கு வணிகச் சொத்துவரியில் சலுகை. மால் முதலாளிக்கு நேரடியாகப் பணம் கொடுக்காமல், வாடகைக்காரரின் மொத்தச் செலவைக் குறைத்தது இந்த ஏற்பாடு. வாடகை எவ்வளவு என்று மட்டும் கடைக்காரர் பார்ப்பதில்லை. வாடகை, வரி, மாலின் பராமரிப்புக் கட்டணம் மூன்றையும் கூட்டித்தான் கடை கட்டுப்படியாகுமா என்று பார்ப்பார். சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தொட வேண்டும் என்று சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

2014 ஜனவரியில் கட்டுமானம் தொடங்கியது. தோட்டத்தை எடுத்தார்கள். வேலை நடக்கும்போதே மையர் பெர்க்மேன் என்ற முதலீட்டு நிறுவனம் மாலை வாங்கிக்கொண்டது. கட்டுகிறவர் ஒருவர், வைத்து நடத்துகிறவர் இன்னொருவர். இந்தத் தொழிலில் இது சாதாரணம். ஆனால் 2004ல் ஊருக்கு வாக்குக் கொடுத்தவரும் 2016ல் மால் பராமரிப்புக்குப் பதில் சொல்கிறவரும் வேறு வேறு என்பதை மாநகராட்சிகள் ஒப்பந்தம் எழுதும்போது மறந்துவிடுகின்றன.

## 2015: திறப்பும் தொடக்க விளைவும்

திறந்த அன்று கூட்டம் அலைமோதியது. பத்து ஆண்டு வேலியைப் பார்த்தவர்கள், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கவாவது வருவார்கள் இல்லையா. அந்தக் கூட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மால் ஓடியது என்பதுதான் உண்மையான செய்தி. 2018ல் சினிமா அரங்கும் சேர்ந்தது. வடக்கு நிலையத்துக்கும் சிட்டி பார்க்குக்கும் நடுவே வேலி போய், நடந்து கடக்கக்கூடிய இடம் வந்தது. நகர மையத்தின் கீழ்ப்பகுதி, அதாவது கிண்ணத்தின் அடி, நன்றாக ஆனது.

மேல்பகுதிக்கு வருவோம். டார்லி தெரு கீழ்ப்பகுதியிலிருந்து மேட்டில் ஏறும் சரிவான தெரு. அதன் மேல் முனையில் மாநகராட்சியின் பழைய சந்தைக் கட்டடம். சந்தைக்குப் போகிறவர்களும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்குப் போகிறவர்களும் அந்த மேட்டை ஏறி இறங்கியதால்தான் நடுவில் இருந்த கடைகள் பிழைத்தன. மாலின் உள்ளே ஆங்கர் செய்யும் வேலையை அந்தத் தெருவில் இந்த இரண்டும் செய்துகொண்டிருந்தன. ஆங்கர் கீழே இறங்கியதும் மேடேறக் காரணம் பாதியாகிவிட்டது. மற்ற கடைகளும் ஒவ்வொன்றாக வெளியேறின. ஊர்வாசிகளும் செய்தித்தாள்களும் டார்லி தெருவின் பூட்டிய ஷட்டர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியது இதன் பிறகுதான்.

எல்லாவற்றையும் மால் தலையில் கட்டுவதும் சரியல்ல. இணைய வணிகம் அந்தத் தெருவையும் அடித்தது. பிரிட்டனின் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு 2008ல் சுமார் 5 சதவீதம், 2015ல் 12 சதவீதத்தை ஒட்டி, 2021 தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மால் இல்லாவிட்டாலும் டார்லி தெரு சுருங்கியிருக்கும். அவ்வளவு வேகமாகச் சுருங்கியிருக்காது என்பது என் கணிப்பு.

## 2016 முதல் 2025 வரை

இரண்டாவது பாடம் மாலுக்குள்ளேயே வந்தது. டெபனம்ஸ் நிறுவனம் நொடித்துப்போய் 2021ல் நாடு முழுவதும் கடைகளை மூடியது. பிராட்ஃபோர்டு கடையும் போயிற்று. திறந்து ஆறே ஆண்டில் இரண்டு ஆங்கர்களில் ஒன்று இல்லை. டிபார்ட்மென்ட் ஸ்டோருக்காகக் கட்டிய பெட்டி மற்றவர்களுக்குச் சங்கடமானது. ஆழம் அதிகம், வெளிச்சம் நடுவுக்கு வராது, மாடிகளை உள்ளே உள்ள படிகளும் எஸ்கலேட்டர்களும் இணைக்கும், வெளி வாசல் கொஞ்சம்தான். நான்கு கடையாகப் பிரிக்க நினைத்தால் நான்கு வாசல், நான்கு மின் இணைப்பு, நான்கு தீத் தப்பு வழி, சரக்கு வண்டி நிற்க வழி எல்லாம் புதிதாக வேண்டும். முகப்புக் கணக்கு இங்கேயும் திரும்பி வருகிறது.

மாநகராட்சி இந்தக் காலத்தில் வேறு திசையில் யோசித்தது. டார்லி தெருவில் காலியான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இடத்தில் புதிய சந்தை கட்டுவது, மேலே உள்ள பழைய சந்தையையும் 1970களின் கிர்க்கேட் சென்டரையும் எடுத்துவிட்டு அங்கே வீடுகள் கட்டுவது என்று முடிவு. டார்லி தெருச் சந்தை 2025ல் திறந்தது. பிராட்ஃபோர்டு பிரிட்டனின் கலாச்சார நகரமாக இருந்த ஆண்டும் அதுவே. கடைப் பரப்பைக் கூட்டி ஊரை மீட்பது என்ற 2003ன் நம்பிக்கை, கடைப் பரப்பைக் குறைத்து ஆட்களைக் குடிவைப்பது என்று இருபது ஆண்டில் தலைகீழாகிவிட்டது.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலும் முக்கியமுமானது, இடிப்பு அனுமதியைத் தனியாகப் பூட்டி வைப்பது. திட்ட அனுமதி கிடைத்ததும் இடிக்கலாம் என்று விடக் கூடாது. ஆங்கர் கையெழுத்து, குறிப்பிட்ட பங்கு சின்னக் கடைகள், கட்டுமான நிதி, ஒப்பந்ததாரர் நியமனம் ஆகியவை முடிந்த பிறகே இடிக்கலாம் என்று மாநகராட்சி ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நிலத்தை மாநகராட்சியின் அதிகாரத்தால் சேர்த்துக் கொடுக்கும்போது இப்படிக் கேட்க முழு உரிமை இருக்கிறது. பாரம்பரியச் சிறப்புள்ள பகுதிகளில், மாற்றுக் கட்டடத்துக்கு ஒப்பந்தம் ஆகும்வரை இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையை இங்கிலாந்து அதிகாரிகள் வழக்கமாகவே போடுகிறார்கள். அழகில்லாத 60களின் கட்டடம் என்பதால் அந்தக் கவனம் இங்கே தேவைப்படவில்லை போலும். கட்டடம் அழகாக இருக்க வேண்டியதில்லை, பள்ளத்தைவிட நல்லதாக இருந்தால் போதும். இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. நிபந்தனை கடுமையானால் நிறுவனங்கள் வேறு ஊருக்குப் போய்விடும் என்பார்கள். போகட்டும். வாடகைக்காரர் இல்லாமல் வருகிற நிறுவனம் போனால் ஊருக்கு நஷ்டம் இல்லை.

காத்திருப்புக்கு விலை வைப்பது அடுத்தது. இத்தனை மாதத்தில் கட்டுமானம் தொடங்காவிட்டால் நிலத்தை ஆரம்ப விலைக்கே மாநகராட்சி திரும்ப வாங்கலாம், அல்லது மாதாமாதம் ஒரு தொகை சுற்றுத் தெருக்களின் பராமரிப்புக்குப் போகும் என்று எழுதலாம். பள்ளம் வைத்திருப்பது சொந்தக்காரருக்கு மலிவாக இருக்கும்வரை அவசரம் யாருக்கும் வராது. தற்காலிகத் தோட்டத்தையும் நான்கு ஆண்டு கழித்து யோசிக்காமல், இடித்த மறு மாதமே திறக்கும்படி முதலிலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மால் கட்டடத்தைப் பொறுத்தவரை ஆங்கர் பெட்டியைப் பிரிக்கத்தக்கதாகக் கட்டச் சொல்வது ஒரு சின்ன நிபந்தனை. வெளித்தெருவுக்கு வாசல் வைக்க இடம், தனித்தனி மின்சாரம், தண்ணீர் வர வழி, பின்னால் கூடுதல் படிக்கட்டு. கட்டும்போதே செய்தால் செலவு தாங்கும், பிறகு செய்தால் தாங்காது.

பழைய தெருவைப் பற்றிய முடிவு இன்னும் சிக்கலானது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இடம் மாறப்போவது திறப்பதற்கு நெடுநாள் முன்பே தெரியும். டார்லி தெருவுக்கு என்ன வரப்போகிறது என்ற முடிவு அந்தக் கடை மூடுவதற்கு முன்பே ஆகியிருக்க வேண்டும். புதிய சந்தை அதே இடத்தில் வந்தது நல்ல முடிவுதான், ஆனால் நடுவில் பத்து ஆண்டு போய்விட்டது. சந்தைக்கான பணத்தையும் தேதியையும் மால் ஒப்பந்தத்தோடு சேர்த்தே பேசியிருந்தால், ஆங்கர் கீழே இறங்கும் நாளில் மேலே வேறொரு ஆங்கர் தயாராகிக்கொண்டிருந்திருக்கும். இதை மால் நிறுவனம் செய்யாது, அதன் வேலையும் அல்ல. மாநகராட்சியின் எந்தத் துறை இதைச் செய்ய வேண்டும் என்பதை மால் அனுமதிக் கோப்பிலேயே எழுதி, ஒரு அதிகாரியின் பொறுப்பில் கொடுத்துவிட வேண்டும்.